கிளுவை வேலியைப் பிடுங்கலாமா?

இந்த முறை வந்த கடிதங்களில் 4 கடிதங்கள் வேலியைப் பற்றியவை. பொங்கலுக்குப் பிறகு காட்டுவேலை குறையும்போது வேலிவேலை தொடங்கும் என்பதால், அவை இங்கே ஒன்றாகத் தரப்பட்டுள்ளன.

கேள்வி 1

"எங்களுக்கு 3 ஏக்கர் மேட்டாங்காடு. 20 வருஷம் தறி ஓட்டிவிட்டு, இப்போது 12 வெள்ளாடு வாங்கிக் காட்டுக்கே வந்துவிட்டேன். காட்டைச் சுற்றி அப்பாரு காலத்து முள்வேலி இருக்கிறது. பாதி இடத்தில் அடர்த்தி, பாதி இடத்தில் ஓட்டை. அடுத்த பங்கு அண்ணனுடையது. தை பிறந்ததும் ஜேசிபி விட்டு வேலியைப் பிடுங்கிக் கம்பிவேலி போடலாம், செலவில் பாதி நீ கொடு என்கிறார். 'அதில் கை வைக்காதீங்கடா' என்கிறார் அம்மா. அது கிளுவை என்று சிலரும் வெறும் காட்டுமுள் என்று சிலரும் சொல்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? பிடுங்கலாமா, வேண்டாமா?"

– ஒரு வாசகர், சோமனூர்

பதில்

முதலில் அது என்ன மரம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். கொங்கு நாட்டுக் காடுகளில் வேலியாக நிற்கும் முள்மரங்கள் பல. கிளுவையை அடையாளம் காண ஐந்து இடங்களைப் பார்த்தால் போதும்.

முள்: கிளுவையில் சிறு கிளையின் நுனியே கூராகி முள்ளாக முடியும். இலைக்காம்பின் அடியில் இரண்டிரண்டாக நேர்முள் இருந்தால் அது வேல மரத்தின் வகை. ஒரு முள் நேராகவும் இன்னொன்று கொக்கியாகவும் இருந்தால் இலந்தை. கணுவைச் சுற்றி நான்கு முள் வரை நீட்டிக்கொண்டிருந்தால் சங்கஞ்செடி.

இலை: ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள் இருக்கும். நடு இலை மற்ற இரண்டையும்விடப் பெரிது. ஓரம் சிறு பற்களாக வெட்டியதுபோல இருக்கும். காம்புக்கு இரண்டே இலை இருந்து, முள் பச்சையாக நீண்டிருந்தால் அது நஞ்சுண்டான்.

பட்டை: காகிதம்போல மெல்லிய சுருளாக உரியும். உரிந்த இடம் பச்சையாகத் தெரியும். கோடையில் இலை முழுவதும் கொட்டிவிடும்போது கிளுவையைக் காட்டிக்கொடுப்பது இந்தப் பட்டைதான்.

வாசனை: சிறு குச்சியை ஒடித்து முகர்ந்தால் பிசின் வாசம் வரும். வெள்ளைப்போளம் தரும் மரமும், சித்த ஆயுர்வேத மருந்துகளில் சேரும் குக்குலு மரமும் கிளுவையின் நெருங்கிய உறவுகள். அந்த வாசம் குடும்ப வாசம்.

பழம்: மிளகைவிடச் சற்றுப் பெரிய காய். பழுத்தால் சிவக்கும்.

இதில் ஒரு குழப்பம் உண்டு. முள்ளே இல்லாமல், வழவழப்பான பச்சை அடிமரத்தோடு, காம்புக்கு மூன்று முதல் ஏழு சிற்றிலைகளோடு இருப்பதையும் பலர் கிளுவை என்றே சொல்கிறார்கள். அது பச்சைக்கிளுவை. அதன் இலையைக் கசக்கினால் மாங்காய் வாசம் வரும். அதுவும் போத்து நட்டால் வளரும், நிழலும் தரும். ஆனால் ஆட்டை நிறுத்த முள் வேண்டும். போத்து வாங்கும்போது 'கிளுவை' என்று மட்டும் கேட்காமல் 'முள்கிளுவை' என்று கேட்டு, நுனியைத் தொட்டுப் பார்த்து வாங்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் தீரவில்லை என்றால் கோவையிலேயே வழி இருக்கிறது. வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் செயல்படுகிறது. இலை, முள், கிடைத்தால் பூவோ காயோ உள்ள ஓரடிக் கிளையைச் செய்தித்தாளில் மடித்து வைத்து அங்கே விசாரிக்கலாம்.

அடுத்தது, பிடுங்கலாமா என்ற கேள்வி. வேலி கிளுவையாக இருந்தால், தை மாதத்தில் ஜேசிபி விடுவது கைமுதலைக் கொளுத்துவதற்குச் சமம். கிளுவை போத்தில் வளரும் மரம். இலை கொட்டி நிற்கும் பங்குனி, சித்திரையில் வெட்டும் போத்துதான் நன்றாகத் தளிர்க்கும். இப்போது நிற்கும் வேலியே ஓட்டையை அடைக்கத் தேவையான நாற்றங்கால். தையில் பிடுங்கினால் அந்த நாற்றங்கால் போய்விடும்.

அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 3 ஏக்கர் என்பது 1,30,680 சதுர அடி. சதுரமான காடாக இருந்தால் சுற்றளவு ஏறத்தாழ 1,446 அடி. பராமரிக்காத கிளுவை வேலி 5 அடி அகலத்துக்குப் படரும். அப்படிப் பார்த்தால் வேலி பிடிக்கும் இடம் 16 சென்ட்டுக்கு மேல். பொழியின் இருபுறமும் பங்கிட்டால் ஆளுக்கு 8 சென்ட். வேலியை ஒட்டிய ஓரிரு சாலில் வெள்ளாமை மட்டமாக இருப்பதும் உண்மை. வேர் ஈரத்தை இழுக்கும், நிழலும் விழும். வருஷத்துக்கு ஒருமுறை இருபக்கமும் கழித்துவிட்டால் 5 அடியை 3 அடிக்குள் நிறுத்தலாம். கழிக்காமல் விட்டுவிட்டுக் கிளுவையைக் குறை சொல்வதில் பயனில்லை.

பங்கு பிரிந்த காடுகளில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதே 3 ஏக்கர் 165 அடி அகலமும் 792 அடி நீளமுமாக ரிப்பன்போல நீண்டிருந்தால் சுற்றளவு 1,914 அடி ஆகிவிடும். இடம் அதேதான், வேலி மட்டும் 468 அடி கூடுதல். கம்பிவேலிக்கு 10 அடிக்கு ஒரு கல்கால் என்றால் சதுரக் காட்டுக்கு 145 கால், நீண்ட காட்டுக்கு 192 கால். கல்கால், கம்பி, ஆள்கூலி மூன்றையும் உள்ளூரில் விசாரித்து இந்த எண்ணிக்கையால் பெருக்கிப் பார்த்த பிறகு அண்ணனும் தம்பியும் பேசுவது நல்லது. கம்பி ஒருநாள் துருப்பிடிக்கும். கிளுவை ஒவ்வொரு மழைக்கும் தடிக்கும்.

ஆட்டுக்காரருக்கு இன்னொரு வரவும் உண்டு. கழித்துப்போடும் கிளுவைத் தழையை வெள்ளாடு விரும்பித் தின்னும். வேலியில் ஏறும் பிரண்டை, கோவைக்கொடி, முசுமுசுக்கை, வேலிப்பருத்தி எல்லாம் வீட்டுக்குக் கறியாகவும் மருந்தாகவும் ஆகும். கம்பியில் இவை தானாக வந்து நிற்பதில்லை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்றையும் உயிர்வேலி தணிக்கும். அந்தக் காற்றில் மண்ணின் ஈரம் எவ்வளவு வேகமாகப் போகும் என்பது சோமனூர், பல்லடம் பக்கத்துக் காட்டுக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நல்ல வழி இதுதான். முதலில் பொழியை அளக்க வேண்டும். புலப்பட நகலோடு அளவீட்டுக்கு விண்ணப்பித்து, சர்வேயர் வந்து கல் காட்டியபின் வேலியைப் பற்றி முடிவெடுக்கலாம். பழைய வேலி பல வருஷத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து படர்ந்திருக்கும். அதையே எல்லை என்று வைத்துக்கொண்டு கம்பி போட்டால் நாளைக்குப் பிள்ளைகள் காலத்தில் வழக்கு வரும். அளந்தபின் கிளுவை பொழிமேலேயே நிற்கிறது என்றால் அப்படியே விடலாம். ஆடு புகும் ஓட்டைகளில் மட்டும் இந்த ஒரு வருஷத்துக்குக் கம்பியோ வேலமுள்ளோ போட்டு, கோடையில் போத்து நட்டு நிரப்பலாம். வேலி ஒருவர் பக்கமே முழுதாக இருக்கிறது என்று தெரிந்தால், பிடுங்குமுன் அதே வேலியிலிருந்து போத்தெடுத்துச் சரியான பொழியில் நட்டு, அது பிடித்தபின் பழையதை எடுக்க வேண்டும். எப்படியானாலும் ஜேசிபி இந்தத் தையில் வர வேண்டிய அவசரம் இல்லை. அம்மா சொல்வதைக் கேட்கலாம்.

கேள்வி 2

"கிளுவைப் போத்து இரண்டு முறை நட்டும் பாதிக்கு மேல் காய்ந்துவிட்டது. எந்த மாதம், எப்படி நடுவது?"

– ஒரு வாசகர், பல்லடம்

பதில்

போத்து காய்வதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். பச்சை இலையோடு நிற்கும்போது வெட்டியது ஒன்று. வெட்டிய அன்றே பால் வடிய வடிய நட்டது ஒன்று. நட்டபின் மண்ணை இறுக்காமல் விட்டது ஒன்று.

மரம் இலை உதிர்ந்து ஓய்ந்திருக்கும் பங்குனி, சித்திரையில் போத்து வெட்ட வேண்டும். பெருவிரல் தடிமனிலிருந்து மணிக்கட்டுத் தடிமன் வரை உள்ள முதிர்ந்த கிளையாக இருக்க வேண்டும். பென்சில் கனத்துக் குச்சி வெயிலில் நிற்காது. நீளம் 4 அடி. அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் நுனியை மட்டமாகவும் வெட்டினால், நடும்போது தலைகீழாகப் போகாது. அரிவாள் கூராக இருக்க வேண்டும். நைந்த வெட்டில் அழுகல் ஏறும். வெட்டியதை நிழலில் நிறுத்தி வைத்து, வெட்டுவாய் காய்ந்தபின் நடலாம். நுனி வெட்டில் சாணியை அப்பிவிட்டால் ஈரம் போகாது.

பொழி நெடுக ஓரடி அகலம், ஓரடி ஆழத்தில் வாய்க்கால் பறித்து வைத்துக்கொள்ள வேண்டும். கோடைமழை ஒன்று விழுந்து மண் நனைந்ததும், அடிக்கு ஒன்றாகப் போத்தை நிறுத்தி, மண் தள்ளி, காலால் நன்றாக மிதித்து இறுக்க வேண்டும். ஆட்டுக்காரர்கள் இரண்டு வரிசையாக, ஒன்றரை அடிக்கு ஒன்று வீதம் மாற்றி மாற்றி நட்டால் அடர்த்தி சீக்கிரம் கூடும். செம்மண்ணும் சரளையும் கிளுவைக்குப் பிடித்த இடம். களிமண் பூமியில் தண்ணீர் தேங்கும் தாவாக இருந்தால், வாய்க்காலுக்குப் பதிலாக ஓரடி உயரம் வரப்பு அணைத்து அதன்மேல் நட வேண்டும். தேங்கிய தண்ணீரில் போத்து அழுகிவிடும்.

தளிர் வந்தவுடன் பிடித்துவிட்டது என்று எண்ணக்கூடாது. போத்து தன்னிடம் உள்ள சத்தைக் கொண்டே முதல் தளிரை விடும். வேர் அதற்குப் பிறகுதான் வரும். ஆட்டிப் பார்ப்பதும் பிடுங்கிப் பார்ப்பதும் வேரை அறுத்துவிடும். ஆனி, ஆடியின் காற்றுக்காலத்தில் மழை தள்ளிப்போனால், வாரம் ஒருமுறை போத்துக்கு ஒரு சொம்புத் தண்ணீராவது ஊற்ற வேண்டும்.

எவ்வளவு கவனமாக நட்டாலும் கொஞ்சம் போகும். 1,450 போத்து தேவை என்றால் கூடுதலாக 250 போத்தைக் கிணற்றடியிலோ வீட்டோரத்திலோ நெருக்கமாக நட்டு வைத்துக்கொள்ள வேண்டும். புரட்டாசிக் கடைசியில், ஐப்பசி மழைக்கு முன், காய்ந்த இடங்களில் அவற்றை வேர்மண்ணோடு எடுத்து வைத்தால் வேலி ஒரே சீராக வரும்.

முதல் வருஷம் ஆடு அண்டக்கூடாது. தளிரை ஆடு கடித்தால் போத்து கருகும். வெளிப்பக்கம் இலந்தை முள்ளோ வேலமுள்ளோ வெட்டிப்போட வேண்டும். இரண்டாம் வருஷம் இடுப்பு உயரத்தில் நுனியை நறுக்கினால் பக்கக் கிளை பிரியும். அந்தக் கிளைகளை ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்து, கற்றாழை நாரால் தளர்வாகக் கட்டிவிட வேண்டும். பராமரிப்பு சரியாக இருந்தால் மூன்று, நான்கு வருஷத்தில் ஆடு புகாத வேலி ஆகும்.

கேள்வி 3

"காட்டுப்பன்றி, மயில் தொல்லைக்குக் கிளுவை தாங்குமா? பழைய வேலியின் அடிப்பகுதி வெறுமையாக இருக்கிறது. பாம்பு அடையும் என்றும் பயமாக இருக்கிறது."

– ஒரு வாசகி, தாராபுரம்

பதில்

மயிலை எந்த வேலியும் நிறுத்தாது. அது பறந்து வரும். பன்றியை நிறுத்துவது வேலியின் உயரமல்ல, அடிப்பகுதியின் அடர்த்தி. கிளுவை வயதாக வயதாக மேலே குடைபோல விரிந்து, அடியில் வெறும் கால்களாக நிற்கும். பன்றியும் நாயும் புகுவது அந்த வழியில்தான்.

அதைச் சரிசெய்ய, வேலியை நான்கு பங்காகப் பிரித்து, வருஷத்துக்கு ஒரு பங்காக முழங்கால் உயரத்துக்கு வெட்ட வேண்டும். முழு வேலியையும் ஒரே வருஷத்தில் வெட்டினால் காடு திறந்துபோகும். வெட்டிய அடிமரத்திலிருந்து புதுக்கிளை பல வரும். அவற்றில் வளையக்கூடிய இளங்கிளைகளைத் தரைக்குப் பக்கமாகச் சாய்த்து, அடுத்த மரத்தோடு கட்டிவிட வேண்டும். அடியில் வெளிப்புறமாகச் சங்கஞ்செடியோ ஆனைக்கற்றாழையோ ஒரு வரிசை வைத்தால் பன்றி மூக்கை நுழைக்கத் தயங்கும். வேலிக் கம்பியில் வீட்டு மின்சாரத்தை நேரடியாக விடுவது சட்டப்படி குற்றம். அதில் முதலில் மாட்டுவது பெரும்பாலும் இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் சொந்த வீட்டு ஆளே.

சீக்கிரம் அடைக்க வேண்டும் என்று வேலிகாத்தான் விதையை ஓட்டையில் போடவே கூடாது. சீமைக்கருவேலுக்கு வேலிகாத்தான் என்ற பெயர் வேலிக்காக வந்தது. காயைத் தின்ற ஆடு போகும் இடமெல்லாம் விதையைப் போட்டு, சில வருஷத்தில் வேலி காட்டுக்குள் வந்துவிடும். வேலியே பயிரை மேய்ந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

பாம்பு பயம் நியாயமானது. அடர்ந்த வேலியில் எலி இருக்கும், எலியைத் தேடிப் பாம்பும் வரும். அதே வேலியில் கீரியும் செம்போத்தும் இருக்கும். வீட்டுவாசலுக்கும் ஆட்டுப்பட்டிக்கும் 20 அடி தள்ளியே முள்வேலி இருக்க வேண்டும். கழிக்கும்போது முதலில் நீண்ட குச்சியால் தட்டிவிட்டு, கால்செருப்போடு, பகல் வெளிச்சத்தில் செய்ய வேண்டும். குழந்தைகளைப் பிரண்டை பறிக்கத் தனியாக அனுப்பக்கூடாது.

தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில், காங்கயம் பக்கத்துக் கொறங்காடுகள் இதற்கெல்லாம் கண்ணெதிரே உள்ள பாடம். தரையில் கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல் மரம், சுற்றிலும் கிளுவை வேலி. காங்கயம் மாடும் செம்மறியும் மேய்ப்பாள் இல்லாமல் உள்ளே நிற்கும். ஒரு காட்டில் புல் தீர்ந்ததும் படலைத் திறந்து அடுத்த காட்டுக்கு மாற்றுவார்கள். மழை குறைந்த பூமியில் மாட்டுப் பண்ணையம் நிலைத்து நிற்க, அந்த வேலி மூன்றில் ஒரு பங்கு காரணம். வேலி இல்லாவிட்டால் புல்லுக்கு ஓய்வில்லை. புல்லுக்கு ஓய்வில்லாவிட்டால் மாட்டுக்குத் தீனியில்லை.

கேள்வி 4

"மகள் இங்கிலாந்தில் இருக்கிறாள். அங்கே காடுகளைச் சுற்றி 'ஹாதார்ன்' என்ற முள்மரத்தை வேலியாக வைத்திருக்கிறார்கள், சிவப்புப் பழம் காய்க்கிறது என்று படம் அனுப்பினாள். விதை கொண்டுவரச் சொல்லட்டுமா?"

– ஒரு வாசகர், அவிநாசி

பதில்

வேண்டாம். ஹாதார்ன் ரோஜா, ஆப்பிள் குடும்பத்து மரம். இலை ஓரம் ஆழமாக வெட்டுப்பட்டிருக்கும், வசந்தத்தில் வெள்ளைப் பூ, இலையுதிர்காலத்தில் சிவப்புப் பழம். அதன் ஆங்கிலப் பெயருக்கே வேலிமுள் என்றுதான் பொருள். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பொதுநிலங்களைச் சட்டம் போட்டுத் தனிக்காடுகளாகப் பிரித்தபோது, இங்கிலாந்தில் நெடுந்தூரத்துக்கு அதை நட்டார்கள். அடிமரத்தை முக்கால் பங்கு வெட்டி, உயிரோடு சாய்த்துப் பின்னும் வேலை அங்கே இன்றும் தனித்தொழிலாக இருக்கிறது. இந்தியாவில் அதன் உறவு மரங்கள் காஷ்மீர் போன்ற இமயமலைப் பகுதிகளில் வளர்கின்றன.

அது குளிர்நாட்டு மரம். விதை முளைக்கவே நீண்ட குளிர்காலம் வேண்டும். சில விதைகள் இரண்டாம் குளிர்காலம் தாண்டித்தான் முளைக்கும். அவிநாசியில் அந்தக் குளிர் கிடையாது. அதோடு, 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையின்படி வெளிநாட்டு விதையை அனுமதியும் நோய்நீக்கச் சான்றும் இல்லாமல் கொண்டுவருவது தவறு. ஆப்பிள், பேரி மரங்களைக் கருக்கும் ஒரு பாக்டீரியா நோய் ஹாதார்னிலும் தங்கும். பையில் வரும் ஒரு பிடி விதைக்காக அந்த வம்பு தேவையில்லை.

மகள் படத்தில் பார்த்த வேலை எல்லாவற்றையும் இங்கே கிளுவை செய்கிறது. சிவப்புப் பழம் வேண்டும் என்றால், கிளுவைக்கு இடையில் 10 அடிக்கு ஒரு களாக்காய்ச் செடி வைக்கலாம். அதற்கும் முள் உண்டு, ஊறுகாய்க்குக் காயும் உண்டு. கோணப்புளியங்காய் மரம் ஒன்றிரண்டு வைத்தால் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு ஆகும். மகள் ஊருக்கு வரும்போது விதைக்குப் பதிலாக, அங்கே வேலி பின்னும் முறையைப் படம் பிடித்து வந்தால், இங்குள்ள பழைய கிளுவை வேலிகளைச் சீர்செய்ய அது உதவும்.

வேலிக்காரர் நாட்குறிப்பு

தை: பொழி அளவீட்டுக்கு விண்ணப்பம். பக்கம் கழித்து ஆட்டுக்குத் தழை.

மாசி: ஓட்டைகளை எண்ணிக் குறித்தல். வேலிக்குள் முளைத்த வேலிகாத்தானை வேரோடு எடுத்தல்.

பங்குனி, சித்திரை: போத்து வெட்டி நிழலில் நிறுத்துதல். வாய்க்கால் பறித்தல். மழை விழுந்ததும் நடுதல்.

ஆனி, ஆடி: காற்றில் சாய்ந்ததை நிமிர்த்தி மண்ணை மிதித்தல். தேவைக்குத் தண்ணீர்.

புரட்டாசி: விட்டுப்போன இடங்களில் இருப்புப் போத்து வைத்தல்.

மார்கழி: வேலி நெடுக ஒருமுறை நடந்து பார்த்து, அடுத்த தைக்கான வேலையைக் குறித்தல்.